கருவிப் பையோடு வந்த வண்டிகள்

என் வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டேன்" என்று அவர் சொன்னால் அதில் இரண்டு படிப்பு அடக்கம். ஒன்று, விழாமல் ஓட்டுவது. மற்றொன்று, வழியில் நின்றுபோனால் கிளப்புவது. இரண்டாவது தெரியாதவனை வீட்டில் ஊர் எல்லை தாண்ட விடமாட்டார்கள். இன்று புதிதாக வண்டி எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் படிப்பு மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். எங்கள் திண்ணைப் பேச்சில் அப்படித்தான் தீர்ப்பு வருகிறது. நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் மாறியது வண்டி. அதைப் பார்த்து ஓட்டுகிறவனும் மாறினான். எது எப்போது மாறியது, மாறாமல் நம் கைக்கு மிச்சம் இருப்பது எது என்பதை எழுதிவைத்தால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் உதவும்.

அரியக்குடி எனக்கு மனைவி வழியில் கிடைத்த ஊர். பிறந்ததும் படித்ததும் புதுச்சேரியில். ஓய்வுக்குப் பிறகு இங்கேதான். காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது, மெக்கானிக்குக் குறைவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொட்டல் வெளியில் செயின் கழன்று நிற்பவனுக்கு அந்த நாலு கிலோமீட்டரும் நாற்பதுதான். நின்றுபோனால் தள்ளிக்கொண்டாவது வந்துவிடலாம். பிரேக் பிடிக்காமலோ டயர் வெடித்தோ போனால் அதற்கும் வழியில்லை. ஆகவே இது பொழுதுபோக்குச் செய்தி மட்டும் அல்ல.

பட்டாளத்து வழக்கம்

பழைய மோட்டார் சைக்கிள்களில் சீட்டுக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ ஒரு கருவிப் பை இருக்கும். நாலைந்து ஸ்பேனர், ஒரு திருப்புளி, பிளக் ஸ்பேனர், டயர் நெம்பும் இரும்பு. வண்டியோடு சேர்ந்தே வரும்.

அந்த நாளில் வண்டி செய்தவர்கள் எல்லோரும் "ஓட்டுகிறவனே பழுது பார்ப்பான்" என்று நம்பித்தான் செய்தார்கள். அந்த நம்பிக்கையை உறுதியாக்கியது யுத்தம். 1939 முதல் 1945 வரை பிரிட்டிஷ் பட்டாளம் பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16 எச் போன்ற வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. தபால் கொண்டுபோகும் சிப்பாய்தான் பெரும்பாலும் ஓட்டினான். போர்முனையில் அவனுக்குப் பட்டறை ஏது? தினமும் எண்ணெய் பார்ப்பது, செயின் பார்ப்பது, நட்டு இறுக்குவது அவன் பொறுப்பு. யுத்தம் முடிந்ததும் அந்த வண்டிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் பலருக்கு முதல் மோட்டார் சைக்கிள் அதுதான். பட்டாளத்து வண்டியோடு பட்டாளத்து வழக்கமும் வீட்டுக்கு வந்தது.

பிறகு 1955. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். செய்தது 350 சிசி புல்லட். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில வருஷங்களில் அச்சுகளும் கருவிகளும் வந்து, பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 1949ஆம் வருஷத்து வடிவமைப்பு பெரிய மாற்றம் இல்லாமல் 2000ஆம் வருஷம் தாண்டியும் நம் ஊரில் விற்றது. ஆகவே அப்பா கற்றுக்கொண்ட ரிப்பேர் மகனுக்கும் பயன்பட்டது. மூன்று தலைமுறைக்கு ஒரே பாடப் புத்தகம்.

அந்தப் பாடத்தில் என்ன இருந்தது?

முதல் பாடம் பாயிண்ட். என்ஜினுக்குள் தீப்பொறி சரியான நொடியில் வர, இரண்டு சின்ன உலோக முனைகள் ஒன்றோடொன்று தொட்டுப் பிரிய வேண்டும். பிரியும்போது இடைவெளி புல்லட்டில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஓட ஓட அந்த முனைகள் கருகும், அவற்றைத் தள்ளும் குதிகால் போன்ற பாகம் தேயும், இடைவெளி மாறும். வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கனமான காகிதத்தை நுழைத்து இழுத்துத் துடைத்து, இடைவெளியை மறுபடி வைத்தால் வண்டி பழையபடி ஓடும். பத்து நிமிஷ வேலை. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இது வந்தே தீரும். கம்பெனியின் குறை என்று யாரும் எண்ணவில்லை. மனிதனுக்கு நகம் வளருவதுபோல அது இயல்பு.

அடுத்தது டேப்பெட். புல்லட்டின் வலப்பக்கம் ஒரு சின்ன மூடி, ஒரே நட்டு. அதைக் கழற்றினால் இரண்டு தண்டுகள் தெரியும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் மேலே இருக்கும் நிலையில், அந்தத் தண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அளவு பார்க்கும் கருவியே வேண்டாம், விரல் போதும்.

கிளப்புவதிலும் ஒரு முறை உண்டு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, நெம்புகோலை விட்டுவிட்டு, பிறகு ஒரே உதை. இதைச் செய்யாமல் வெறுமனே உதைத்தவனின் முழங்காலை வண்டி திருப்பி உதைக்கும். வேறு வழியில்லாமல் அவன் என்ஜினுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டான்.

எண்ணெய் கலந்து குடித்தவை

புல்லட் பணக்காரர்களுக்கும் போலீஸுக்கும். மற்றவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஜாவா வண்டியைச் செய்யத் தொடங்கியது. 1973 முதல் அதன் பெயர் யெஸ்டி. வடக்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு வடிவத்தை வைத்து ராஜ்தூத் 175 செய்தது. 1973இல் 'பாபி' படம் வந்த பிறகு ராஜ்தூத்தின் குட்டி வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை.

இந்த வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்குச் சுமார் 40 மில்லி, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் புகை, கரி. அந்தக் கரி பிளக்கின் முனையில் மயிரிழைபோல் வளர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்கும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டினால் கிளம்பிவிடும். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோலக் கருவிப் பையில் ஒரு மாற்று பிளக் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சைலன்ஸரைக் கழற்றிக் கரி நீக்குவதற்கு 'டீகார்ப்' என்று பெயர். தீபாவளிக்கு வீடு வெள்ளையடிப்பதுபோல அதுவும் ஒரு சடங்கு.

எங்கள் புதுச்சேரியில் இன்னொரு கிளை. பிரான்ஸில் மோட்டோபெக்கான் கம்பெனி 1949இல் கொண்டுவந்த மொபிலெத் என்ற சின்ன வண்டி அந்த நாட்டின் தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் வாகனம். அதே கம்பெனியின் கூட்டுறவில் திருப்பதியில் செய்யப்பட்டதுதான் சுவேகா மொபெட். பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வண்டிப் பாகங்கள் முதலில் பிரெஞ்சில்தான் அறிமுகம். ஸ்பார்க் பிளக்குக்கு அங்கே 'பூஜி' என்று பெயர். மெழுகுவர்த்தி என்று அர்த்தம். பாயிண்டுக்கு 'வீ பிளாத்தினே', அதாவது பிளாட்டினத் திருகாணி. வாயை விரித்துச் சுருக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனருக்கு 'கிளே ஆங்லேஸ்', ஆங்கிலச் சாவி! இங்கிலாந்துக்காரனை அவர்கள் பாராட்டிய அபூர்வமான இடம் அது.

தமிழ்ப் பட்டறை மொழி இதற்கெல்லாம் சளைத்ததல்ல. திருப்புளி, குறடு, உப்புத்தாள் என்று சொந்தச் சொற்கள். போல்ட்டின் சுருளுக்கு 'மரை'. அந்த மரை கெட்டுப்போன நட்டு எவ்வளவு திருகினாலும் நிற்காமல் சுற்றும். கோளாறாகப் பேசுகிறவனை "மரை கழன்றவன்" என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். பட்டறைச் சொல் ஊர்ப் பேச்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்த வேலை எத்தனை பேர் கைக்குப் பழகியிருக்க வேண்டும்!

சைக்கிள் என்ற ஆரம்பப் பள்ளி

மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் எல்லோருக்கும் சைக்கிள். இங்கே செட்டிநாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. காரைக்குடிக்கு அருகே உள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் ஊர் ஊராகப் போயின.

வாடகை சைக்கிள் கடைதான் எங்கள் ஆரம்பப் பள்ளி. பஞ்சர் ஒட்டுவது, கழன்ற செயினை மாட்டுவது, பிரேக் கட்டையை நகர்த்துவது எல்லாம் அங்கே பார்த்துப் பார்த்துப் படித்தவை. அந்தக் கையோடு மோட்டார் சைக்கிளுக்கு வந்தவனுக்கு, என்ஜின் மட்டும்தான் புதுப் பாடம். இன்றும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. எங்கள் தெருவிலேயே பல வீட்டு வாசலில் நிற்கிறது. ஆரம்பப் பள்ளி மூடிவிடவில்லை என்பது எனக்கு ஆறுதல்.

மறந்துவிடு என்று சொன்ன வண்டி

1980களில் ஜப்பான் வந்தது. ஓசூரில் டிவிஎஸ் 1984இல் இண்ட்-சுசுகி கொண்டுவந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. அதே காலத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100. சிடி 100இன் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் வரும். மைலேஜைப் பற்றிய விளம்பரம்தான். ஆனால் 'மறந்துவிடு' என்ற அந்தச் சொல் ஒரு காலத்தையே முடித்துவைத்தது.

இந்தப் புது வண்டிகளோடு எலக்ட்ரானிக் இக்னிஷன் பரவியது. தொட்டுப் பிரியும் முனைகள் இல்லை. தேய எதுவும் இல்லாததால் சரிசெய்யவும் எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை திறந்து பார்த்த மூடியை யாரும் திறப்பதில்லை. கருவிப் பை மெலிந்தது. இதில் வருத்தப்பட நியாயம் இல்லை. முழங்கால் பிழைத்தது, அலுவலகத்துக்கு நேரத்தில் போக முடிந்தது. இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் அம்மீட்டர் முள்ளைத் தேட வேண்டியதில்லை.

அடுத்த மாற்றம் 2020 ஏப்ரல் 1. பிஎஸ் 6 விதி அமலுக்கு வந்ததும் பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஜெட்டை வாயால் ஊதி அடைப்பு எடுத்த கதை அதோடு முடிந்தது. இப்போது சென்சார்கள் என்ஜினைப் பார்த்துக்கொள்கின்றன. கோளாறு என்றால் மஞ்சள் விளக்கு எரியும். அதைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும்.

அப்பாக்களின் பழைய வித்தை சில இந்த வண்டிகளுக்கு ஆகாது. பிளக் ஒயரைப் பிடுங்கி உடம்பில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. பாயிண்ட் வண்டியில் அது சாதாரணம். எலக்ட்ரானிக் வண்டியில் அந்தப் பெட்டியே எரிந்துபோகலாம். பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் தள்ளிக் கிளப்புவதும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் பலிக்காது. பெட்ரோல் பம்பை ஓட்டவே மின்சாரம் வேண்டும். புது வண்டிக்காரர்களுக்குப் பெரியவர்கள் யோசனை சொல்லும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் நம் கையில் இருப்பவை

என்ஜின் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் தரையோடும் உயிரோடும் சம்பந்தப்பட்ட பாகங்கள் 1955இல் இருந்த மாதிரியேதான் இருக்கின்றன. டயர், செயின், பிரேக், கேபிள், பிளக், பேட்டரி, ஏர் ஃபில்டர். இவற்றை எந்தச் சென்சாரும் முழுதாகப் பார்த்துக்கொள்வதில்லை. புதிதாக ஓட்டுகிறவர் இங்கே தொடங்கலாம்.

டயரில் காற்று எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டிய சீட்டில் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஓட்டிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில் பார்ப்பதே சரி.

செயின்தான் நம் பக்கத்துக்கு முக்கியம். செட்டிநாட்டுச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. பல்லையும் செயினையும் தின்றுவிடும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, செயின் எண்ணெய் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துடைத்து விரலை இழப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

செயினின் தொய்வு பெரும்பாலான 100, 150 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். வண்டியோடு வந்த புத்தகத்தில் சரியான எண் இருக்கும். மூடிய கவர் என்றால் அதில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிப் பார்க்கலாம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல், சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், எல்லா இடத்திலும் தொய்வு ஒன்றாக இருக்காது. இறுக்க வேண்டுமென்றால் பின்சக்கர அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இரு பக்கமும் கோடுகள் இருக்கும், அவை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். நட்டை மறுபடி இறுக்கிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பிரேக் ராடு இழுபட்டுவிடும். பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ராடின் நட்டைச் சரிசெய்தால்தான் வேலை முடிந்தது. செயின் லாக் கழற்றி மாட்டினால், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

டிரம் பிரேக்கை நாமே இறுக்கலாம். டிஸ்க் பிரேக்கில் பேடு தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் அளவுக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் திறப்பது அனுபவசாலியின் வேலை.

பிளக் கழற்றுவது என்ஜின் ஆறிய பிறகு. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் உள்ளே வருகிறது. மாட்டும்போது முதல் சில சுற்று விரலாலேயே திருப்ப வேண்டும். என்ஜின் தலை அலுமினியம். கோணலாக ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் செலவு.

பேட்டரி பற்றிப் பேச எங்கள் வட்டாரத்துக்கு உரிமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பேட்டரியும் துருவும்தான் அங்கே அன்றிலிருந்து ஆராய்ச்சி. பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடி அந்த வேதியியலின் ஒரு துளி. வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியின் என்ஜினைத் தொட வேண்டாம். இலவச சர்வீஸை விடாமல் செய்யுங்கள். 

இதையெல்லாம் செய்தால் மெக்கானிக்கின் பிழைப்பில் மண் விழுமே என்று ஒருவர் என்னைக் கேட்டார். விழாது. "சார், வண்டி ஓடலை" என்று சொல்லி நிற்கிறவரைவிட, "தம்பி, செயினையும் பிளக்கையும் பார்த்துட்டேன், ஏற்றத்துல இழுவை குறையுது" என்று சொல்கிறவரைத்தான் நல்ல மெக்கானிக்குக்குப் பிடிக்கும். பாதி நேரம் மிச்சம். எந்தப் பாகம் தேவை, எது தேவையில்லை என்று பேசவும் நமக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆரம்பிக்க ஒரு அளவான ஸ்பேனர் செட், ஒரு திருப்புளி, பிளக் ஸ்பேனர், குறடு, காற்று அளக்கும் கருவி, ஒரு பழைய துணி போதும். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அரை மணி நேரம். முதல் நாள் எதையும் கழற்ற வேண்டாம். வண்டிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். செயின் அடுத்த சனிக்கிழமை.